சட்டை உரியும் நேரம்: கொசு, ஹார்மோன், வியாசர்பாடி

1

வியாசர்பாடியில் இரண்டு தண்ணீர் உண்டு. நிற்கிற தண்ணீர் ஒன்று, பிடித்து வைக்கிற தண்ணீர் ஒன்று. நிற்கிற தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாயில், சற்றுத் தள்ளிப் பக்கிங்காம் கால்வாயில், மழைக்காலமென்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் கிடக்கும். பிடித்து வைக்கிற தண்ணீர் நீல டிரம்மில், சிமெண்ட் தொட்டியில், வாசலில் வரிசைகட்டிய பிளாஸ்டிக் குடங்களில் இருக்கும். முதல் தண்ணீர் கறுப்பு. கியூலெக்ஸ் கொசு அதில் முட்டையிடும். ராத்திரி காதோரம் பாடுவதும் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அந்தக் கொசுதான். இரண்டாவது தண்ணீர் தெளிவு. டெங்குவின் ஏடிஸுக்கும், நகரத்து மலேரியாவின் அனாபிலிஸ் ஸ்டீபன்சிக்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும்.

மாநகராட்சியின் கொசு ஒழிப்பு ஊழியர் தெருவுக்குள் வருவார். பெரும்பாலும் ஒரு பெண், ஒப்பந்தக் கூலி, கையில் டார்ச். டிரம்முக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, புழு நெளிந்தால் 'அபேட்' மருந்தை ஊற்றிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போவார். அப்போது நடக்கிற பேச்சு இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"இன்னாக்கா, மூடி போட்டு வைக்கக் கூடாதா? புழு பாரு எப்டி இருக்குன்னு."

"தெனம் தண்ணி வுட்டா நான் எதுக்கும்மா டிரம் வாங்கப் போறேன்?"

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிற வரலாறுதான் இந்தக் கட்டுரை. புழு எப்படிக் கொசுவாகிறது என்பதை விஞ்ஞானம் கண்டுபிடித்த வரலாறு ஒருபக்கம். அந்த அறிவு மருந்தாக மாறி டிரம்முக்குள் இறங்கிய வரலாறு இன்னொருபக்கம். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: பூச்சியின் தோலில். உடல் அரசியல், உடல்மீதான அதிகாரம் என்று நாம் நிறைய எழுதியாயிற்று. பூச்சியின் உடலையும் கொஞ்சம் பார்த்தால் தப்பில்லை. வடசென்னை மனிதர்களின் உடல்களைப் பற்றி அரசு எப்படி யோசித்திருக்கிறது என்பதற்கு அங்கே தடயம் இருக்கிறது.

2

பாம்பு உரித்துப் போட்டதை 'சட்டை' என்கிறோம். பூச்சி உரிப்பதற்கும் அந்தச் சொல்லே போதும், புதிதாகக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. பூச்சிக்குத் தோலும் எலும்பும் ஒன்றே. தசைகள் உள்ளிருந்து அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இயங்குகின்றன. உடல் வளரும், சட்டை அந்த அளவுக்கு வளராது. ஆகவே அவ்வப்போது உள்ளுக்குள்ளேயே புதிய சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டு, பழையதைக் கிழித்து வெளியே வர வேண்டும். கொசுப்புழுவுக்கு நான்கு பருவங்கள். அதற்கப்புறம் காற்புள்ளி போல வளைந்து மிதக்கிற கூட்டுப்புழு. அப்புறம் இறக்கை. சென்னை வெக்கையில் எல்லாம் ஏழெட்டு நாளில், அதிகம் போனால் பத்து நாளில் முடிந்துவிடும். 'வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்' என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதன் கணக்கு இதுதான்.

சட்டையின் நூல் கைட்டின். அது எல்லாப் பூச்சிக்கும், இறாலுக்கும் நண்டுக்கும்கூட, பொது. தலை ஓடு கெட்டியாக இருப்பதும், வயிற்றுத் தோல் இழுபடுவதும், இறக்கை கண்ணாடி மாதிரி இருப்பதும் அந்த நூலோடு எந்தப் புரதம் கலக்கிறது, எப்படிப் பதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் காம்பியேவின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சட்டைப் புரதங்களுக்கான ஜீன்கள் மட்டும் இருநூறுக்கு மேல் இருந்தன. மொத்த ஜீன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. புழுவுக்கு ஒரு தொகுதி, கூட்டுப்புழுவுக்கு ஒரு தொகுதி, பறக்கிற கொசுவுக்கு ஒரு தொகுதி. சில ஜீன்கள் எல்லாப் பருவத்துக்கும் பொது. புத்தகம் ஒன்றுதான். எந்தப் பக்கம் எப்போது வாசிக்கப்படுகிறது என்பதில்தான் புழுவுக்கும் கொசுவுக்கும் வித்தியாசம்.

ஐரோப்பாவுக்கு இது எளிதில் பிடிபடவில்லை. ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி 1651-ல் எழுதும்போது, உருமாற்றம் என்பது மெழுகில் முத்திரை குத்துவது மாதிரி, இருக்கிற பொருள் ஒரே அடியில் வேறு வடிவமாவது என்று நினைத்தார். நெதர்லாந்தின் ஸ்வாமர்டாம் 1669-ல் வெளியிட்ட பூச்சிகள் பற்றிய நூலில் அதை மறுத்தார். கம்பளிப்புழுவை அறுத்து, உள்ளே மடிந்து கிடக்கிற இறக்கைகளைக் காட்டினார். ஒரே உயிர்தான், தொடர்ச்சி அறுபடவில்லை.

நம் மேடைகளில் ஹார்விதான் இன்னும் உயிரோடு இருக்கிறார். 'கூட்டுப்புழு பட்டாம்பூச்சி ஆவது போல' என்று புரட்சிக்கு உவமை சொல்லாத தோழர் உண்டா? பழையது செத்துப் புதியது பிறக்கிறது என்பதாக அந்த உவமை ஓடும். இந்தச் சென்னைக் கரையில் வாழ்ந்த சிங்காரவேலர் (1860–1946) உவமைக்காக விஞ்ஞானத்தைத் தொட்டவரல்ல. விஞ்ஞானத்தையே தமிழில் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டுமென்று 'குடி அரசு'விலும் 1935-ல் தொடங்கிய தனது 'புது உலகம்' இதழிலும் எழுதினார். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு உவமையை மட்டும் வைத்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

3

எந்தப் பக்கத்தை எப்போது வாசிப்பது என்று பூச்சிக்குச் சொல்வது யார்? முதல் விடை போலந்திலிருந்து வந்தது. ஸ்டெபான் கோபெக் என்பவர் ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களை எடுத்து, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டினார். ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாகும், பின்பாதி புழுவாகவே கிடக்கும். அந்த நாள் கடந்தபின் கட்டினால் இரண்டு பாதியும் மாறும். நரம்பை வெட்டினாலும் மாற்றம் நிற்கவில்லை. மூளையை எடுத்துவிட்டால் நின்றது. ஆக, மூளையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து வருகிறது. 1917-லும் 1922-லும் அவர் இதை வெளியிட்டார். நரம்பு மண்டலம் ஹார்மோன் சுரக்கும் என்பதற்கு இது மிக முந்திய ஆதாரங்களில் ஒன்று. வெகுகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த பெயர் விக்கிள்ஸ்வொர்த். அவர் வேலை பார்த்தது லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில். காலனிகளில் வெள்ளைக்காரர்களும் தோட்டக் கூலிகளும் காய்ச்சலில் சாகாமல் இருந்தால்தான் சாம்ராஜ்யம் ஓடும் என்ற கணக்கில் வளர்ந்த படிப்பு அது. தென் அமெரிக்காவின் ரத்தம் குடிக்கும் மூட்டையான ரோட்னியஸை அவர் எடுத்துக்கொண்டார். அது தலையை வெட்டினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1930-களில் தலையற்ற ஒரு மூட்டையை இன்னொரு மூட்டையோடு மெழுகால் ஒட்டி, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்து பார்த்தார். இளம் மூட்டையின் ரத்தம் கலந்தால், முதிர வேண்டிய மூட்டை மறுபடியும் இளம் சட்டையையே போட்டுக்கொண்டது. இதற்குக் காரணமான சுரப்பு பிறகு 'இளமை ஹார்மோன்' என்று பெயர் பெற்றது. 1940-ல் ஜப்பானின் புகுடா, உரிக்கச் சொல்லும் ஹார்மோன் பட்டுப்புழுவின் மார்புச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று காட்டினார்.

இங்கே நாஜிகளின் வரலாறு குறுக்கே வருகிறது. 1941-ல் ஜெர்மானியர்கள் கோபெக்கைப் பிடித்து வார்சாவுக்குப் பக்கத்துப் பால்மிரி காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அவர் தேடிய வரிசையைச் சேர்ந்த, உரிக்கச் சொல்லும் அந்த ஹார்மோனை முதன்முதலில் தூய படிகமாகப் பிரித்தெடுத்தது ஜெர்மனியில்தான். 1954-ல் அடால்ஃப் புட்டனான்டும் பீட்டர் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து 25 மில்லிகிராம் எடுத்தார்கள். எக்டைசோன் என்று பெயர். புட்டனான்ட் 1936 முதல் நாஜிக் கட்சியின் உறுப்பினர். விஞ்ஞானம் யார் கையில் இருந்தாலும் விஞ்ஞானம்தான் என்று இதை வைத்துச் சொல்லலாம். யார் கையில் போய்ச் சேருகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது முக்கியமாகப் படுகிறது.

அந்த 25 மில்லிகிராமில் கொஞ்சத்தை வைத்து 1960-ல் கார்ல்சனும் கிளெவரும் செய்த சோதனை உயிரியலின் போக்கையே மாற்றியது. அவர்கள் எடுத்துக்கொண்ட உயிர் கைரோனாமஸ். கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. அந்த இனத்தின் புழுக்கள் பல சிவப்பாக இருக்கும், கழிவுச் சேற்றில் ஆக்ஸிஜன் குறைந்த இடத்திலும் பிழைக்கும். நம் கால்வாய்களின் கறுப்புச் சேறும் அவற்றுக்கு வீடுதான். அந்தப் புழுவுக்கு எக்டைசோன் ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோமைப் பார்த்தால், குறிப்பிட்ட இடங்கள் பொங்கிப் பூரித்திருந்தன. ஜீன் விழித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தார்கள். ஹார்மோன் நேராக ஜீனிடம் பேசுகிறது என்பதற்கு இது முதல் சாட்சி. அந்தச் சாட்சியைச் சொன்னது ஒரு சாக்கடைப் புழு.

4

இனி சட்டையின் ஜீன்களுக்கு வரலாம். 1970-களிலிருந்து அமெரிக்காவில் லின் ரிடிஃபோர்டும் ஜூடித் வில்லிஸும் இந்தக் கேள்வியிலேயே வாழ்நாளைச் செலவழித்தார்கள். ரிடிஃபோர்ட் எடுத்துக்கொண்டது புகையிலைப் புழு. 1988-ல் ரெபர்ஸும் ரிடிஃபோர்டும் பல பூச்சிகளின் சட்டைப் புரதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொது வரிசையை அடையாளம் காட்டினார்கள். கைட்டின் நூலைப் பிடித்துக்கொள்கிற கொக்கி அது என்று பிறகு தெரிந்தது. ஹார்மோன் இந்த ஜீன்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்விக்கு வந்த விடை நம் வாசகர்கள் யோசிக்கத் தக்கது.

எக்டைசோன் ரத்தத்தில் ஏறினால், தோல் செல்கள் பழைய சட்டையிலிருந்து விலகிக்கொள்ளும். புதியதற்கான ஆயத்தம் தொடங்கும். இதுவரை எதிர்பார்த்தபடிதான். ஆனால் ஏறிய ஹார்மோன் ஏறியபடியே இருந்தால், கூட்டுப்புழுச் சட்டையின் புரதங்களைச் செய்கிற பல ஜீன்கள் வேலை செய்வதில்லை. பழ ஈயில் ஆப்பிளும் ஃபிரிஸ்ட்ரமும் 1991-ல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். அந்த ஜீன்களுக்கு ஹார்மோன் வந்தாக வேண்டும். வந்தது போயும் ஆக வேண்டும். வராவிட்டால் சட்டை இல்லை, போகாவிட்டாலும் சட்டை இல்லை. ஹார்மோன் இறங்குகிற நேரத்தில் மட்டும் விழிக்கிற எஃப்.டி.இசட்-எஃப்1 என்ற இடைநிலை ஜீன் ஒன்று உண்டு. சட்டை ஜீன்கள் சிலவற்றை எழுப்பிவிடுவது அதுதான்.

இளமை ஹார்மோனின் வேலை வேறு. உரிக்கச் சொல்வது எக்டைசோன் என்றால், உரித்த பிறகு எந்தச் சட்டை என்பதை இளமை ஹார்மோன் இருக்கிறதா இல்லையா என்பது தீர்மானிக்கிறது. இருந்தால் மறுபடியும் புழுச் சட்டை. அது சரியான நேரத்தில் வற்றிப்போனால் கூட்டுப்புழுச் சட்டை, பிறகு இறக்கை. கே.ஆர்-எச்1 என்ற ஜீன் இளமை ஹார்மோனின் காவல்காரன் மாதிரி நின்று, முதிர்ச்சிக்குக் கொண்டுபோகிற இ93 என்ற ஜீனை எழவிடாமல் வைத்திருக்கிறது. இளமை ஹார்மோன் போனால் காவலும் போகும்.

இதில் அதிகாரம் பற்றிய அழகான பாடம் ஒன்றை உருவிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. கட்டளை வந்து, பின்வாங்கினால்தான் புதிய உடல். 'நீ இன்னும் முதிரவில்லை' என்று சொல்கிற சுரப்பு இருக்கிறவரை மாற்றமில்லை. 'உங்களுக்கு இன்னும் பக்குவம் வரலை' என்று காலம்காலமாகக் கேட்டுவரும் ஒரு பகுதி மக்களிடம் இதைச் சொன்னால் உடனே புரியும். ஆனால் நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பட்டாம்பூச்சி உவமையைக் குறைசொல்லிவிட்டு இன்னொன்றைத் தூக்கிப்பிடிப்பது முறையில்லை. இந்த அறிவு உவமையாக வியாசர்பாடிக்கு வரவில்லை, மருந்தாகத்தான் வந்தது.

5

1960-களின் நடுவில் பிராகாவிலிருந்து கரேல் ஸ்லாமா ஹார்வர்டுக்கு வந்தார். கூடவே தன் ஆய்வுப் பூச்சிகளையும் கொண்டுவந்தார். பிராகாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் ஹார்வர்டில் முதிரவே மாட்டோம் என்றன. ஒரு தடவை கூடுதலாகப் புழுச் சட்டை போட்டுக்கொண்டு, பூதாகரமான குஞ்சுகளாகவே செத்தன. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது: கூண்டில் விரித்த பேப்பர் டவல். நியூயார்க் டைம்ஸ், வால்ஸ்ட்ரீட் ஜர்னல் தாள்களை விரித்தாலும் அதே கதி. லண்டன் டைம்ஸை விரித்தால் ஒன்றுமில்லை. அமெரிக்கத் தாள் செய்கிற பால்சம் ஃபிர் மரத்தில், அந்தப் பூச்சிக் குடும்பத்தின் இளமை ஹார்மோனைப் போல நடிக்கிற பொருள் ஒன்று இருந்தது. 1965-ல் இதை ஸ்லாமாவும் கரோல் வில்லியம்ஸும் வெளியிட்டார்கள். மரம் பூச்சியிடமிருந்து தப்பிக்க அதன் ஹார்மோனையே எழுதக் கற்றிருக்கிறது என்பது வில்லியம்ஸின் வாசிப்பு.

அங்கிருந்து அவர் ஒரு தாவு தாவினார். ஆர்சனிக் முதல் தலைமுறைப் பூச்சிமருந்து, டி.டி.டி இரண்டாம் தலைமுறை, பூச்சியின் ஹார்மோனே மூன்றாம் தலைமுறை என்று 1967-ல் எழுதினார். சொந்த ஹார்மோனுக்கு எதிராகப் பூச்சி எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வது கடினம் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை கம்பெனிகளைத் தொற்றியது. இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மெத்தோபிரின் 1975-ல் அமெரிக்காவில் பதிவானது. கைட்டின் உருவாவதையே தடுக்கிற டைஃப்ளுபென்சுரான் நெதர்லாந்திலிருந்து வந்தது. இளமை ஹார்மோன் வேடம் போடுகிற பைரிபிராக்சிஃபென் ஜப்பானிலிருந்து வந்தது. கடைசி இரண்டும் இந்தியக் கொசு ஒழிப்புத் திட்டத்தின் அனுமதிப் பட்டியலில் ஏறின.

இவை வேலைசெய்கிற விதம் வித்தியாசமானது. பைரிபிராக்சிஃபென் விழுந்த தண்ணீரில் புழு சாகாது. நெளிந்துகொண்டே இருக்கும், தின்னும், வளரும், கூட்டுப்புழுவாகவும் ஆகும். அங்கேயே முடிந்துவிடும், இறக்கை வராது. 'மருந்து ஊத்தியும் புழு ஓடுது' என்றால் அது இங்கே மருந்து தோற்றதற்கு அடையாளமாகாது. டைஃப்ளுபென்சுரான் விழுந்தால் அடுத்த உரிப்பில் புதிய சட்டை வலுவில்லாமல் கிழியும்.

வில்லியம்ஸின் நம்பிக்கை நிலைக்கவில்லை. 1986-ல் மெத்தோபிரினைத் தாங்குகிற பழ ஈக்களை ஆய்வகத்தில் கண்டார்கள். 1990-களின் இறுதியில் கலிபோர்னியாவின் வயல்வெளிக் கொசு ஒன்று மெத்தோபிரினைத் தாண்டியது. 2010-களில் இத்தாலியின் கியூலெக்ஸ் கொசுக்கள் டைஃப்ளுபென்சுரானைத் தாண்டின. கைட்டின் செய்கிற நொதியின் ஜீனில் ஒரு எழுத்து மாறியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: 1986-ன் அந்த ஈக்களில் பழுதாகியிருந்த ஜீன், இளமை ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஜீன் என்று கால் நூற்றாண்டு கழித்து உறுதியானது. மருந்தை ஏமாற்றிய பூச்சியே ஹார்மோன் எந்தக் கதவு வழியாக வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

நம் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2016-ல் பிரேசிலில் குழந்தைகள் சிறிய தலையோடு பிறந்தபோது, ஜிகா வைரஸ் காரணமில்லை, குடிநீரில் கலந்த பைரிபிராக்சிஃபென்தான் காரணம் என்று செய்தி பரவியது. ஒரு மாநிலம் மருந்தை நிறுத்தியும் வைத்தது. மருந்தே போடாத ஊர்களிலும் அந்தப் பிறப்புகள் இருந்தன, ஆய்வுகள் ஜிகாவையே உறுதிசெய்தன. கம்பெனிமீது சந்தேகம் நியாயம். ஆனால் சந்தேகத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் நாளைக்கு நம் பேச்சு எடுபடாது.

6

இப்போது மெட்ராசுக்குத் திரும்புவோம். ராக்ஃபெல்லர் பவுண்டேஷனின் பால் ரஸ்ஸல் 1930-களில் சென்னை மாகாணத்தில் மலேரியா ஆய்வு செய்தார். எண்ணூரிலிருந்து நெல்லூர் வரையான கடலோரமும் அவர் ஆய்வுக்குள் வந்தது. அங்கே மலேரியாவுக்கான கொசு, சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டிய குழிகளில் வளர்ந்தது. சவுக்கு யாருக்கு? பட்டணத்து அடுப்புக்கு. பட்டணத்தின் விறகு அந்தக் கரையோரத்து ஏழைகளின் காய்ச்சலாக மாறிய கதை அது. தஞ்சைப் பக்கம் பட்டுக்கோட்டையில் அவர் பார்த்தது மேட்டூர்த் தண்ணீரின் பாசனம். ஒழுங்கில்லாத பாசனம் மலேரியாவை உண்டாக்குகிறது என்று 1938-ல் எழுதினார். இந்த ரஸ்ஸலின் கண் வாய்க்காலில் இருந்தது, குழியில் இருந்தது.

அதே ரஸ்ஸல் 1955-ல் எழுதிய நூலின் பெயர், மலேரியாவை மனிதன் வென்றடக்கியது பற்றி. நடுவில் டி.டி.டி வந்துவிட்டது. சுவரில் மருந்தடித்தால் போதும், வாய்க்காலை யார் திருத்திக்கொண்டிருப்பது? உலகம் முழுக்க ஒழிப்புத் திட்டத்தின் குரலாக அவர் ஆனார். ஒரு மனிதரின் பதினேழு ஆண்டுகளில் நிலத்திலிருந்து பூச்சியின் உடலுக்குப் பார்வை இடம்பெயர்ந்ததை இங்கே காணலாம். அவரைத் தனியாகக் குறைசொல்லி ஆவதொன்றுமில்லை. அரசுகள் எல்லாம் அதே வழியில் போயின, அது மலிவு என்பதால்.

சுதந்திரத்தின்போது இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1953-ல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம். 1965-ல் நோயாளிகள் ஒரு லட்சமளவுக்கு இறங்கினார்கள், சாவு பதிவாகவில்லை. டி.டி.டி காப்பாற்றிய உயிர்களை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் திட்டம் கிராமத்துச் சுவருக்காகப் போடப்பட்டது. நகரத்துக் கிணறும் தொட்டியும் உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். நகரத்துக் கொசுவான ஸ்டீபன்சி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரோடு நகரத்தில் அதன் புழுக்கள் டி.டி.டியைத் தாங்குகின்றன என்று 1956-லேயே எழுதிவிட்டார்கள். 1976-ல் நாட்டின் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். 1971-ல் தொடங்கிய நகர்ப்புற மலேரியாத் திட்டத்தில் சென்னையும் உண்டு. பிறகு நீண்ட காலம் தமிழ்நாட்டு மலேரியாக் கணக்கில் பெரும்பங்கு சென்னையுடையதாக இருந்தது. கடந்த பத்தாண்டுகளில்தான் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கொசுவின் மறுமொழி எங்கே எழுதப்பட்டது? பல இடங்களில். நரம்பில் மருந்து பிடிக்கிற இடம் மாறியது, உடைக்கிற நொதிகள் பெருகின. மூன்றாவதாக ஒரு இடத்தை அண்மையில்தான் கவனித்தார்கள். 2007-ல், பைரித்திராய்டு மருந்தைத் தாங்கும் ஸ்டீபன்சியின் ஜீன்களை அலசியபோது, சட்டைப் புரத ஜீன்கள் சில கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தன. 2010-ல் ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் ஃபுனெஸ்டஸில், மருந்தைத் தாங்குகிற கொசுக்களின் சட்டை தடித்திருப்பதை மைக்ராஸ்கோப்பில் அளந்தார்கள். சீனாவின் கியூலெக்ஸ் கொசுக்களில் ஒரு சட்டைப் புரதத்தை அடக்கினால் கால் சட்டை மெலிந்து மருந்து மறுபடி ஏறியது. மருந்து பூசிய சுவரில் கொசு உட்காரும்போது முதலில் படுவது கால்தான். கொசுவத்தியில் எரிகிறதும் புகை வண்டியில் அடிக்கிறதும் பெரும்பாலும் இந்த பைரித்திராய்டுக் குடும்பமோ அதன் தாயான பைரித்ரமோதான். கொசுவின் அந்தக் கால் சட்டை கூட்டுப்புழுவுக்குள், எக்டைசோன் ஏறி இறங்குகிற அந்த நேரத்திலிருந்தே நெய்யப்படத் தொடங்குகிறது. உடலைக் குறிவைத்தார்கள், உடல் தன் ஓரத்தை, தன் சட்டையை, தடிப்பாக்கிக்கொண்டது.

ஸ்டீபன்சி இப்போது ஊர் தாண்டிவிட்டது. 1901-ல் இந்தியாவில் பெயரிடப்பட்ட இந்தக் கொசுவை 2012-ல் ஜிபூட்டி துறைமுக நகரத்தில் கண்டார்கள், பிறகு எத்தியோப்பியாவில், இலங்கையில் மன்னாரில். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. கப்பல் வழி வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். துறைமுகத்தோடும் தண்ணீர்த் தொட்டியோடும் அது வாழக் கற்றது நம்முடையதைப் போன்ற ஊர்களில்தான். 2022-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸ்டீபன்சி மரபணுத் தொகுதிகளில் ஒன்று சென்னைக் கொசுவினுடையது. அதன் பெயரிலேயே சென்னையின் முதலெழுத்துகள் உண்டு. உலகத்து மரபணு நூலகத்தில் நம் ஊரின் பெயர் இப்படி ஏறியிருக்கிறது.

7

கொசு மருந்து வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. டெங்குவில் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் யாரும் அப்படிப் பேச முடியாது. டிரம்மில் விழுகிற ஹார்மோன் வேடக்காரன், சுவரில் அடித்த டி.டி.டியைவிட எவ்வளவோ சாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

1939-ன் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் கொசு வளர்கிற தண்ணீரைத் தன் இடத்தில் தேங்கவிடக் கூடாது என்று குடியிருப்பவரைப் பொறுப்பாக்கியது. அதே தர்க்கம் அபராத ரசீதாக இன்றும் நடக்கிறது. டிரம் வைத்தவர் குற்றவாளி. டிரம்மைத் தேவையாக்கியவர் யார் என்ற கேள்வி ரசீதில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கி, சரக்குப் படகுகள் ஓடி, பிறகு நகரத்தின் சாக்கடையாக விடப்பட்ட பக்கிங்காம் கால்வாய்க்கு யார்மீது அபராதம்? 2015-லும் 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் நாட்கணக்கில் நின்ற தண்ணீருக்கு? ஒரே கொசுவுக்கு இரண்டு சட்டமாகிறது. வீட்டுத் தண்ணீரில் வளர்ந்தால் குற்றம், அரசுத் தண்ணீரில் வளர்ந்தால் இயற்கை.

கோபெக்கிலிருந்து ரிடிஃபோர்ட் வரை இந்த ஆய்வாளர்கள் நூறாண்டுகளாகக் காட்டியது, உடல் தன்னந்தனியாக மாறுவதில்லை என்பது. நேரம், சுற்றியுள்ள ரத்தம், வந்து போகிற சுரப்பு எல்லாம் சேர்ந்துதான் எந்தச் சட்டை என்று தீர்மானிக்கின்றன. அந்த அறிவிலிருந்து அரசு எடுத்துக்கொண்டது சுரப்பைக் குழப்புகிற ஒரு புட்டி மருந்தை மட்டும். சூழலைப் பற்றிய பாதியை, ரஸ்ஸல் தன் முதல் பாதியில் பார்த்ததை, விட்டுவிட்டது. நாமும் கொசுப் பிரச்சினை என்றால் 'ஏன் மருந்தடிக்கலை' என்றுதான் மனு எழுதுகிறோம். தினமும் குழாயில் தண்ணீர், ஓடுகிற கால்வாய், அந்த டார்ச் பிடித்த பெண்ணுக்கு நிரந்தர வேலை என்பதை ஒரே மனுவில் எழுதினால் அது சுகாதாரக் கோரிக்கையாகவே எண்ணப்பட வேண்டும்.

டார்ச் வெளிச்சத்தில் டிரம்மின் மேல்மட்டத்தில் சில சமயம் வெள்ளையாக ஒரு சிறு தோல் மிதக்கும். முதுகு பிளந்த காலிச் சட்டை. ஊழியருக்கு அதன் அர்த்தம் தெரியும்: ஒன்று ஏற்கெனவே பறந்துவிட்டது. மருந்து ஊற்றுவதற்கு முன்பே, மூடி போடச் சொல்வதற்கு முன்பே. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த அக்காவின் கேள்வி நியாயமாகவே நிற்கிறது: தெனம் தண்ணி வுட்டா நான் எதுக்கும்மா டிரம் வாங்கப் போறேன்?